கொலையாளி யாரென்று தெரிந்த பிறகும்

துப்பறியும் நாவலை இரவில் வாசிப்பவர்கள் ஓர் அத்தியாயத்தின் முடிவில் புத்தகத்தை மூடிவைக்க முயலக் கூடாது. அத்தியாயத்தின் நடுவில், காவல் ஆய்வாளர் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதோ, கதாநாயகி ஆட்டோவுக்காகக் காத்திருக்கும்போதோ நிறுத்திவிட வேண்டும். அப்படி நிறுத்தினால் தூக்கம் வரும். அத்தியாயத்தின் கடைசி வரிக்குப் போய்விட்டால் அங்கே கதவு தட்டப்படும், அல்லது பிணவறையில் இருக்க வேண்டிய உடல் காணாமல் போயிருக்கும். அந்த வரியில் நம்மை நிறுத்த விடக் கூடாது என்பதற்காகவே அது எழுதப்பட்டிருப்பதால், அதை மீறுவதற்கு மனஉறுதி மட்டும் போதாது. விடிய விடிய வாசித்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்ப் பழகிய பிறகு நான் கைக்கொண்ட வழக்கம் இது. இந்த வகை நாவல்களை வாசிக்கத் தொடங்குகிறவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

அத்தியாய முடிவுகளுக்கு இந்தக் குணம் வந்ததற்குக் காரணம், இந்த எழுத்து தொடர்கதையாக வளர்ந்ததுதான். சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் 1859 நவம்பரிலிருந்து 1860 ஆகஸ்ட் வரை வில்கி காலின்ஸ் எழுதிய மர்மத் தொடருக்காக லண்டன் வாசகர்கள் வாரந்தோறும் காத்திருந்தார்கள். அடுத்த இதழையும் காசு கொடுத்து வாங்க வைக்க வேண்டிய பொறுப்பு ஒவ்வொரு வாரத்தின் கடைசிப் பத்திக்கும் இருந்தது. நம் வார இதழ்களிலும் அதே பொறுப்பை அடைப்புக்குறிக்குள் இருக்கும் ‘தொடரும்’ என்ற சொல்லுக்கு மேலே உள்ள வரி சுமந்தது.

கும்பகோணத்தில் என் பாட்டி வீட்டுப் பரணில் அப்படிப்பட்ட தொடர்கதைகளை இதழ்களிலிருந்து கிழித்தெடுத்து பைண்டு செய்த தொகுப்புகள் இருந்தன. காலிக்கோ துணி ஒட்டிய முதுகும், வண்ணம் தீற்றிய அட்டையும் கொண்ட அந்தத் தொகுப்புகளை அக்காலத்து வாசகர்கள் பலர் பார்த்திருப்பார்கள். பின் குத்திய ஓட்டைகள் ஒவ்வொரு தாளிலும் துருவேறித் தெரியும். ஒரு பக்கத்தின் பின்புறம் வேறொரு தொடரின் பாதி, இன்னொன்றின் பின்புறம் தலைவலித் தைல விளம்பரம். பைண்டர் ஓரங்களைச் சமமாக வெட்டியபோது சில பக்கங்களில் வரிகளின் கடைசி எழுத்துகளும் சேர்ந்து போயிருந்தன. ஆகவே வாக்கியத்தின் பொருளை வைத்து அந்த எழுத்தை ஊகித்துக்கொண்டே வாசிக்க வேண்டியிருந்தது. துப்பறிவதற்கான முதல் பயிற்சி எனக்கு அங்கேதான் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

அவற்றுள் ஒரு தொகுப்பில் கடைசி இரண்டு வாரங்கள் இல்லை. மாடி வீடு ஒன்றில் நடந்த கொலை; வீட்டில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். ஆய்வாளர் எல்லோரையும் கூடத்துக்கு அழைக்கிறார், தொகுப்பு அத்துடன் முடிந்துவிடுகிறது. பாட்டிக்கு முடிவு நினைவில்லை. விடுமுறை நாள்களில் நானும் என் மாமா மகளும் அதைத் திரும்பத் திரும்ப வாசித்து, பழைய கணக்கு நோட்டில் ஒவ்வொருவரும் அந்த இரவில் எங்கே இருந்தார் என்று எழுதிப் பார்த்தோம். எங்கள் இருவருக்கும் வெவ்வேறு கொலையாளிகள் கிடைத்தார்கள். வெகு காலத்துக்குப் பிறகு மாவட்ட மைய நூலகத்தில் அந்தத் தொடர் புத்தகமாகக் கிடைத்தபோது நின்றபடியே கடைசி அத்தியாயத்தை வாசித்தேன். மூன்றாம் வாரத்தில் வேலைக்காரப் பெரியவர், மாடிப்படி விளக்கு இரண்டு நாள்களாக எரியவில்லை என்று குறைபட்டுக்கொள்கிறார். ஐந்தாம் வாரத்தில் வேறொருவர், கொலை நடந்த இரவு படியில் கிடந்த கைக்குட்டையின் நிறத்தைச் சொல்கிறார். இருட்டில் நிறம் எப்படித் தெரிந்தது என்று ஆய்வாளர் கேட்க, கதை முடிந்தது.

அந்த இரண்டு வரிகளையும் நான் பலமுறை கடந்து போயிருந்தேன். நடுவில் ஒரு வார இடைவெளியும், மாப்பிள்ளை வீட்டார் வந்து கலகலப்பாகப் பேசும் ஒரு காட்சியும் இருந்தன. ஆசிரியர் எதையும் ஒளிக்கவில்லை. விளக்கையும் கைக்குட்டையையும் பட்டப்பகலில் என் முன்னால் வைத்துவிட்டு, என் கவனத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பியிருந்தார். இந்த வகைக் கதைகள் என்னை ஏன் இழுக்கின்றன என்பதற்கு நான் கண்ட பதில் அதுதான். கொலையாளி யார் என்ற கேள்வி வாசலோடு நின்றுவிடுகிறது. உண்மையான இன்பம், ஒரு செய்தி எப்போது, யார் வாயால், எந்த இரைச்சலுக்கு நடுவே சொல்லப்படுகிறது என்ற ஏற்பாட்டில் இருக்கிறது.

இந்த நேர்மையை இங்கிலாந்தில் ஒரு காலத்தில் சட்டமாகவே எழுதிவைத்தார்கள். கத்தோலிக்கப் பாதிரியாரும் துப்பறியும் கதாசிரியருமான ரொனால்ட் நாக்ஸ் 1929 இல் பத்து விதிகளை வெளியிட்டார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். துப்பறிபவர் கண்டெடுக்கும் தடயம் உடனே வாசகருக்கும் காட்டப்பட வேண்டும். தற்செயலான நிகழ்ச்சி எதுவும் அவருக்கு உதவக் கூடாது. நல்ல எழுத்தாளர்கள் இவற்றில் சிலவற்றை மீறியும் நல்ல நாவல்கள் எழுதியிருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் வாசகராக எனக்கு இந்த மூன்று விதிகளும் இன்றுவரை உரைகல்லாக இருக்கின்றன. கடைசிப் பத்துப் பக்கங்களில் அதுவரை பெயரே வராத ஓர் ஒன்றுவிட்ட சகோதரர் வெளிநாட்டிலிருந்து வந்து குற்றத்தை ஒப்புக்கொள்ளும் நாவல் என்னை ஏமாற்றுகிறது. அப்படி ஒருமுறை ஏமாற்றிய ஆசிரியரின் அடுத்த நாவலைக் கையில் எடுக்க நான் தயங்குவேன்.

மர்மமும் பதற்றமும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவுடன் நடத்திய நீண்ட உரையாடலில் இதற்குக் கொடுத்த விளக்கம் பலருக்கும் தெரிந்தது. ஒரு மேசையைச் சுற்றிச் சிலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேசைக்கு அடியில் இருந்த குண்டு திடீரென வெடித்தால் பார்ப்பவருக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி கிடைக்கும். குண்டு இருப்பதும் அது எப்போது வெடிக்கும் என்பதும் பார்ப்பவருக்கு முன்பே தெரிந்திருந்தால், அதே சாதாரணப் பேச்சு பதினைந்து நிமிடப் பதற்றமாக மாறிவிடும். நாவலிலும் இப்படித்தான். மர்மக் கதையில் ஆசிரியருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. பதற்றக் கதையில் நமக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாது. நமக்கு எது பிடிக்கிறது என்பதை அறிந்துகொண்டால் புத்தகம் தேர்ந்தெடுப்பது எளிதாகிவிடும். புதிர் விடுவிப்பதில் நாட்டமுள்ள ஒருவர், கொலையாளி முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும் நாவலைப் பாதியில் வைத்துவிட்டு ‘இந்த வகையே எனக்கு ஒத்துவரவில்லை’ என்று முடிவுகட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு ஒத்துவராதது ஒரு பிரிவு மட்டுமே.

தமிழ் மாத நாவல்கள் இந்த இரண்டையும் கலந்து தமக்கென ஒரு முறையை வளர்த்தன. 1,500க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய கோவை ராஜேஷ்குமாரின் கதைகள் பலவற்றில் ஒற்றைப்படை அத்தியாயங்களில் ஒரு கதையும் இரட்டைப்படை அத்தியாயங்களில் இன்னொரு கதையும் நடக்கும். ஒன்றில் கோவையில் ஒரு பெண் காணாமல் போகிறாள். மற்றதில் சென்னையில் ஒரு தொழிலதிபருக்கு மிரட்டல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒட்டும் இருக்காது, உறவும் இருக்காது. கடைசி அத்தியாயங்களில் இரண்டும் ஒரே முடிச்சில் வந்து சேரும். இதனால் வாசகரின் கேள்வி ‘யார்?’ என்பதிலிருந்து ‘எங்கே சந்திக்கும்?’ என்பதற்கு மாறிவிடுகிறது. ஒவ்வோர் அத்தியாய முடிவிலும் ஒரு கதை தொங்கலில் நிற்க, அடுத்த கதையை வாசித்துத்தான் அதற்குத் திரும்ப முடியும் என்பதால் புத்தகத்தைக் கீழே வைக்கவும் இயலாது. இத்தகைய நாவலை முடித்த பிறகு ஒற்றைப்படை அத்தியாயங்களை மட்டும் தொடர்ச்சியாக ஒருமுறை புரட்டிப் பாருங்கள். தனியாக எடுத்தால் மெலிந்து தெரியும் ஒரு கதை, மற்றதன் பக்கத்தில் நிற்கும்போது எவ்வளவு அழுத்தம் பெறுகிறது என்பது புலப்படும். கதை எழுத விரும்பும் இளைஞர்களுக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

முடிவு தெரிந்த பிறகு வாசிப்பதைப் பற்றி ஓர் ஆய்வே நடந்திருக்கிறது. சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு உளவியலாளர்கள் 2011 இல் வெளியிட்ட அந்த ஆய்வில், மர்மக் கதைகள் உள்ளிட்ட சிறுகதைகளைச் சிலருக்கு முடிவைச் சொல்லியும் சிலருக்குச் சொல்லாமலும் கொடுத்தார்கள். முடிவை முன்பே அறிந்தவர்கள் கதையைச் சற்று அதிகமாகவே ரசித்தார்கள் என்பது அவர்கள் கண்ட முடிவு. பின்னர் வேறு சிலர் நடத்திய ஆய்வுகளில் இதற்கு மாறான முடிவும் வந்தது. என் அனுபவத்தில் இரண்டுமே சரி, ஆனால் வரிசை முக்கியம். முதல் வாசிப்பு வாழ்நாளில் ஒருமுறைதான் கிடைக்கும். அதை வீணாக்கக் கூடாது. பின்னட்டைக் குறிப்பைக்கூட முழுதாக வாசிக்காமல் தொடங்குவது நல்லது, ஏனெனில் பாதிக் கதையை அங்கேயே சொல்லிவிடும் பதிப்பாளர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் வாசிப்பில் கொலையாளியின் பேச்சை மட்டும் பின்தொடருங்கள். முதல் முறை நல்ல மனிதரின் அக்கறையாகத் தெரிந்த ஒரு வாக்கியம், இரண்டாம் முறை உளவு பார்ப்பவரின் விசாரணையாகக் காதில் விழும். சொற்கள் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. இரண்டாம் வாசிப்பைத் தாங்காத நாவல்களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

இந்த வாசிப்பின் இன்னொரு பயனை என் தந்தையார் அறுவைச் சிகிச்சைக்காக நெடுநாள் மருத்துவமனையில் இருந்தபோது உணர்ந்தேன். இரவில் உடனிருப்பவருக்கு ஒரு குறுகிய பெஞ்சும், எப்போதும் அணைக்கப்படாத ஒரு குழல்விளக்கும் இருந்தன. நான் கொண்டுபோயிருந்த கனமான நாவலில் ஒரு பத்தியைக்கூட முழுமையாக வாசிக்க முடியவில்லை. கண் வரிகளின் மேல் போகும். மனம் மறுநாள் வரவிருக்கும் பரிசோதனை முடிவில் நிற்கும். பழைய புத்தகக் கடையில் வாங்கிய மாத நாவல் ஒன்றைப் பிரித்த இரவில்தான் முதன்முறையாக ஒரு மணி நேரம் போனதே தெரியாமல் இருந்தது. கொலையைப் பற்றிய கதை, மரணபயம் நிறைந்த இடத்தில் எப்படி ஆறுதல் தந்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கதைக்குள் இருக்கும் அச்சத்துக்கு ஒரு கேள்வி இருக்கிறது, அந்தக் கேள்விக்குக் கடைசிப் பக்கத்தில் விடை இருக்கிறது என்ற உறுதியும் இருக்கிறது. மருத்துவமனை வராந்தாவில் கிடைக்காதது அந்த உறுதி ஒன்றுதான். மேலும், அடுத்து என்ன என்ற கேள்வி மனத்தை முழுவதுமாகப் பிடித்துக்கொள்வதால், கவலை சுற்றிச் சுற்றி வருவதற்கு இடம் மிஞ்சுவதில்லை.

ஆனால் அப்படிப்பட்ட நாள்களுக்கு எல்லா நாவல்களும் ஏற்றவையல்ல. மருத்துவமனையில் நடக்கும் கதை, குழந்தைகளுக்குத் தீங்கு நேரும் கதை, தொடர்கொலைகளைக் குரூரமாக விவரிக்கும் கதை ஆகியவற்றைத் தவிர்ப்பது நல்லது. ஒரு பழைய மாளிகை, குறைந்த பாத்திரங்கள், கொலை மேடைக்கு வெளியே நடந்து முடிந்துவிடும் புதிர்க் கதை என்றால் பொருந்தும். ஒரு கையில் பிடித்துக்கொள்ளும் அளவும், நடுவில் எழுந்து போய் மாத்திரை கொடுத்துவிட்டு வந்தாலும் விட்ட இடம் நினைவில் இருக்கும் சிறு அத்தியாயங்களும் வேண்டும். நம் மாத நாவல்களின் வடிவம் இதற்கென்றே அமைந்தது போல் இருந்தது. அருகிலிருந்த படுக்கைகளின் உடனிருப்பவர்களுக்கும் அவை கைமாறின. திரும்பி வரும்போது சிலவற்றில் அட்டை இல்லை, ஆனால் கடைசிப் பக்கம் மட்டும் பத்திரமாக இருந்தது.

மருத்துவமனையில் துப்பறியும் நாவல் வாசித்த ஒரு செவிலியரின் கவனம் ஓர் உயிரையே காத்திருக்கிறது. 1977 இல் கத்தாரிலிருந்து பத்தொன்பது மாதக் குழந்தை ஒன்றை லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். நோய் என்னவென்று மருத்துவர்களுக்குப் பிடிபடவில்லை. அப்போது அகதா கிறிஸ்டியின் 1961 ஆம் ஆண்டு நாவல் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்த செவிலியர், அதில் வரும் நஞ்சின் அறிகுறிகள், குறிப்பாக முடி கொட்டுவது, இந்தக் குழந்தையிடமும் இருப்பதைச் சொன்னார். சோதித்ததில் தாலியம் என்ற நஞ்சு என்று உறுதியானது. வீட்டில் கரப்பான்களுக்கும் எலிகளுக்கும் வைத்த மருந்திலிருந்து அது உடலுக்குள் போயிருந்தது. குழந்தை பிழைத்தது. (நாவலின் பெயரை வேண்டுமென்றேதான் சொல்லவில்லை, வாசிக்காதவர்களின் முதல் வாசிப்பை நான் கெடுக்க விரும்பவில்லை.) கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது டார்க்கீ நகர மருத்துவமனையில் மருந்து கலக்கும் பிரிவில் பணியாற்றியவர். நஞ்சுகளைப் பற்றி அவர் எழுதியது மருந்தாளுநர்களே பாராட்டும் அளவுக்குத் துல்லியமாக இருந்தது அதனால்தான். கதைக்குள் இருக்கும் உலக விவரம் உண்மையாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக எதிர்பார்ப்பதற்கு இந்த நிகழ்ச்சியும் ஒரு காரணம்.

இந்த வகை எழுத்தை மட்டமாகக் கருதுவது நம்மிடம் பழைய வழக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோரின் நாவல்கள் தமிழில் பெரும் வாசகர் கூட்டத்தைத் திரட்டியபோதே, இவை மனத்தைக் கெடுக்கும் என்ற கண்டனமும் எழுந்தது. அந்தக் கண்டனத்தில் பெரும்பகுதியை நான் ஏற்கவில்லை. ஒரு பகுதியை மட்டும் ஏற்கிறேன். அட்டையில் அலங்கோலமாகக் கிடக்கும் பெண்ணுடல், முதல் அத்தியாயத்தில் கொல்லப்படுவதற்காகவே பிறந்த ஒரு பெண் என்ற வழக்கம் நம் மாத நாவல்களிலும் பிறமொழி நாவல்களிலும் நெடுங்காலம் இருந்துவந்திருக்கிறது. ஆகவே எனக்கென ஓர் அளவுகோல் வைத்திருக்கிறேன். இருபதாம் பக்கத்துக்குள் இறந்தவருக்கு ஒரு பெயரும், ஒரு தொழிலும், அவருக்காக அழும் ஒரு மனிதரும் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லையென்றால் அந்தப் புத்தகத்தை நான் தொடர்வதில்லை. பெண்கள் குற்றக் கதைகளை விரும்பி வாசிப்பதைச் சிலர் வியப்போடு கேட்பதுண்டு. உண்மைக் குற்றச் சம்பவ நூல்களை ஆண்களைவிடப் பெண்களே அதிகம் நாடுகிறார்கள் என்பதையும், ஆபத்திலிருந்து தப்பும் வழியைச் சொல்லும் நூல்கள் அவர்களை இன்னும் ஈர்க்கின்றன என்பதையும் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2010 இல் வெளியிட்டார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. இரவில் பேருந்திலிருந்து இறங்கித் தெருமுனையில் யார் நிற்கிறார்கள் என்று கவனித்தபடி வீட்டுக்கு நடந்து பழகிய எந்தப் பெண்ணுக்கும் இருக்காது.

என் அக்காள் மகன் பத்தாம் வகுப்பு வரை பாடநூலைத் தவிர வேறெதையும் வாசிக்காதவன். அவனுக்கு முதலில் நாவல் கொடுக்கவில்லை. ஒரு மர்மச் சிறுகதையை நானே உரக்க வாசித்து, தடயங்கள் எல்லாம் வந்துவிட்ட, ஆனால் விடை சொல்லப்படாத இடத்தில் நிறுத்தினேன்.

“சித்தி, அந்தக் கம்பவுண்டர்தான் செய்திருக்கிறான்.”

“எந்த இடத்தில் உனக்குத் தெரிந்தது?”

அவனால் சொல்ல முடியவில்லை. புத்தகத்தை வாங்கிக்கொண்டு முதலிலிருந்து தேடத் தொடங்கினான். யார் என்று கேட்பதைவிட எந்த வரியில் என்று கேட்பதே வாசிப்பை வளர்க்கும் கேள்வி என்பதை அதிலிருந்து உறுதியாக அறிந்தேன். ஊகம் சரியா தவறா என்பது பெரிதல்ல. ஆதாரத்தைக் காட்டச் சொன்னால் பிள்ளைகள் தாமாகவே மறுபடி வாசிக்கிறார்கள். இப்போது அவன் நூலகப் புத்தகங்களில் சந்தேகம் வரும் பக்கங்களில் சிறு காகிதத் துண்டுகளைச் செருகி வைக்கிறான். முடித்த பிறகு அவற்றில் எது தடயம், எது திசைதிருப்பல் என்று பிரித்துவிட்டு, துண்டுகளை எடுத்த பின்தான் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்குள் உள்ள ஒப்பந்தம்.

மின்னூலில் வாசிப்பவர்களுக்கு ஒன்று மட்டும். திரையின் அடியில் எத்தனை விழுக்காடு முடிந்தது என்று காட்டும் எண்ணை அமைப்புகளில் மறைத்துவிடுங்கள். பாதிக் கதையிலேயே ஒருவர் கைதானால், இன்னும் நாற்பது விழுக்காடு மிச்சமிருக்கிறது என்ற எண்ணே அவர் நிரபராதி என்று சொல்லிவிடும். அச்சுப் புத்தகத்திலும் வலக்கையில் மீந்திருக்கும் தாள்களின் கனம் அதைச் சொல்லத்தான் செய்கிறது. மாத நாவல்கள் சிலவற்றில் கதை முடிந்த பிறகும் வாசகர் கடிதம், கேள்வி பதில், அடுத்த மாத அறிவிப்பு என்று பல பக்கங்கள் நீள்வதால் அந்தக் கனத்தை நம்பிக் கணக்குப் போட முடியாது. அடுத்த தாளில்தான் முடிவு இருக்கிறது என்று தெரியாமலே அதைப் புரட்டும் வாய்ப்பை அவை எனக்குப் பலமுறை கொடுத்திருக்கின்றன.